மோட்டாருக்குத் தெரியாது

டுலூத். நவம்பர். ராத்திரி இரண்டே கால்.
என்னை எழுப்பியது சத்தம் இல்லை,
சத்தம் இளைத்துப்போனது.

பதினெட்டு நாளாய் அடித்தளத்தில்
கல்லும் தூளும் தண்ணீரும்
ஒரே டப்பாவுக்குள் புரண்டுகொண்டிருந்தன,
தொண்டை கட்டிய ஆள் விடாமல் கொப்பளிப்பதுபோல.
இப்போது வெறும் ரீங்காரம்.

செருப்பைத் தேடாமல் இறங்கினேன்.
சிமெண்டுத் தரை பல்லைக் கிட்ட வைத்தது.
டப்பா அசையவில்லை.
கீழே பெல்ட், மழைக்குப் பிந்திய மண்புழுவாய்.
மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது
சுமை போனது தெரியாமல்,
அல்லது தெரிந்து, குஷியாக.

இயந்திரம் என்னுடையதல்ல. தம்பி ஆர்லனுடையது.
இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இருக்கிறான்.
மார்ச்சில் ஏறினால் ஜனவரியில் இறங்குவான்.
வீட்டுச் சாவியோடு ஒரு தாளும் கொடுத்திருந்தான்:
மூடியை அடிக்கடி திற, வாயு சேர்ந்தால் டப்பா உப்பும்.
சேற்றைத் தொட்டியில் ஊற்றாதே, குழாய்க்குள் இறுகிவிடும்.
பேரிங்குக்கு எண்ணெய் ஒரு சொட்டு.
'ஒரு'வின் கீழே இரண்டு கோடு.
பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போன் செய்தேன். ஏரியின் நடுவில் எங்கோ.
காற்றுதான் பேசியது, இடையிடையே அவன்.
"எந்தத் தூளில் அறுந்தது?"
மூன்றாவதில் என்றேன்.
நீ எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை.
அலை எவ்வளவு உயரம் என்று நானும் கேட்கவில்லை.
எங்கள் வீட்டில் அப்படித்தான்.

காலையில் வாக்குவம் கிளீனரின் பெல்ட்டைக் கழற்றி
இழுத்து மாட்டினேன்.
சுண்டினால் ஸ்வரம் சொன்னது.
நன்றாய்த்தான் ஓடியது, பத்து நிமிடம்.
பிறகு கருகல் வாடை.
தொட்டுப் பார்த்த விரலை
மதியம்வரை வாயில் வைத்திருந்தேன்.

ஹார்டுவேர் கடையில் மூக்கு வளையம் போட்ட பெண்,
பெயர்ப்பட்டையில் ஷைலீன்,
அறுந்ததை நீட்டி வைத்து அளந்தாள்.
ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.
"ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கே" என்றாள்.
"இது வயசானதால் அறுந்ததில்லை."
பம்புக்குப் போடும் ரப்பர் வளையம், இரண்டு டாலர் பத்து.
"ரெண்டா எடுத்துக்கோங்க.
அடுத்தது அறும்போது நாங்க பூட்டியிருப்போம்."

குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இரண்டு புல்லியும் நேராக இல்லை.
சின்னதின் திருகு தளர்ந்து
ஒரு நூல் விலகி நின்றது.
அந்த நூலளவுக்குத்தான் இத்தனை நாளும்
பெல்ட் ஓரமாய் உரசி உரசி
கறுப்பு மாவாய் உதிர்ந்திருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததே.

திருகை முடுக்கினேன். பள்ளத்தைத் துணியால் துடைத்தேன்.
டப்பாவுக்குள் சேறு கல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி, வாளியில் கழுவி,
மூடியின் விளிம்பை ஆர்லனின் பல்துலக்கியால் தேய்த்தேன்.
அங்கே பழைய முரட்டுத்தூள் ஒரு மணி ஒளிந்திருந்தாலும் போதும்,
மெருகு முழுக்கக் கீறல் விழும்.
அது தாளில் இருந்தது.

சிவப்பு அகேட் ஒன்று விரிந்திருந்தது.
கோடுகோடாய் உள்ளே இன்னும் ஏரி.
அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
கணக்கு கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

புது வளையம். விரல் அழுத்தினால்
கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, கொஞ்சம் திமிறியது.
சுவிட்ச்.
முதலில் தயங்கி, ஒருமுறை வழுக்கி,
பிறகு டப்பா புரண்டு படுத்தது.
சத்தத்துக்குப் பழைய கனம் வந்தது.

அன்றிரவும் இரண்டே காலுக்கு விழிப்பு.
கீழே கல் உருள்கிறது.
வெளியே காற்று, வடகிழக்கிலிருந்து.
இரண்டையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.
'ஓடுகிறது' என்று செய்தி அனுப்பினேன்.

பதில் வர விடிந்துவிட்டது:
'எண்ணெய் ஒரு சொட்டுதானே?'

இரண்டு விட்டிருந்தேன்.